ஊர் கண்மாய்க்கு ஜிபே பண்றதுக்கு முன்னாடி

சம்பளம் கிரெடிட் ஆன மெசேஜ் வந்த அரை மணி நேரத்துல இன்னொரு மெசேஜ் வரும், ஊர் வாட்ஸ்ஆப் குரூப்ல இருந்து. "கண்மாய்ல சீமைக்கருவேலம் எடுக்கணும், ஆளுக்கு 500." கூடவே ஒரு க்யூஆர் கோடு. நீங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ இருப்பீங்க. ராஜபாளையத்துலயோ ஸ்ரீவில்லிபுத்தூர்லயோ அப்பா அம்மா இருக்காங்க, அந்த ஒரு காரணம் போதும், யோசிக்காம அனுப்பிருவீங்க. நல்ல விஷயம்தான். ஆனா ஒரு எஸ்ஐபி ஆரம்பிக்க பத்து வீடியோ பார்க்கிற நாம, இந்த 500 யார் அக்கவுண்ட்டுக்குப் போகுது, இதை வச்சு வெளியில இருந்து எவ்வளவு கொண்டுவரலாம்னு ஒரு தடவை கூட கணக்குப் போட்டதில்ல.

இப்ப போடுவோம். குரூப்ல 40 பேர், மாசம் 500. மாசத்துக்கு 20,000, வருஷத்துக்கு 2,40,000. இதை அப்படியே ஜேசிபி வாடகைக்குக் கொடுத்தா சில நாள் வேலை நடக்கும், போட்டோ எடுப்போம், அடுத்த மழையில கருவேலம் திரும்ப முளைச்சிரும்.

அதே பணத்தை 'நமக்கு நாமே' திட்டத்துல கட்டினா? 1997-98ல தமிழ்நாடு அரசு கொண்டுவந்து, 2021-22ல திரும்பவும் தூசி தட்டின திட்டம் இது. பொதுமக்கள் ஒரு பங்கு போட்டா அரசு மீதியைப் போடும். பொதுவா நம்ம பங்கு மூன்றில் ஒன்று. அப்படின்னா 2,40,000 கட்டி 7,20,000 ரூபாய்க்கு வேலை நடக்கும். சில வகை வேலைகளுக்கு மக்கள் பங்கு கூடும். பாதி கட்டச் சொன்னாலும் 4,80,000 ஆகுது. எந்த மியூச்சுவல் ஃபண்டும் முதல் நாளே இப்படி டபுள் ஆகாது. உங்க வேலைக்கு எவ்வளவு பங்குன்றதை எஸ்டிமேட் போடும்போதே நகராட்சியிலயோ ஒன்றிய அலுவலகத்துலயோ கேட்டுக்குங்க.

அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. அந்தக் கண்மாய் யாரோடது? ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல இருந்தா பொதுவா நீர்வளத்துறை. அதுக்குக் கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம். நிறைய குரூப் இது தெரியாமலே ஒரு அலுவலகத்துல மனு கொடுத்துட்டு ஆறு மாசம் காத்திருப்பாங்க. கடைசியில "இது எங்க லிமிட் இல்ல சார்"னு பதில் வரும்.

அடுத்து அந்த க்யூஆர் கோடு. பெரும்பாலும் அது குரூப்ல நல்ல பேர் எடுத்த ஒரு அண்ணனோட சொந்த சேவிங்ஸ் அக்கவுண்ட். அவர் நேர்மையானவர்தான், சந்தேகமே வேண்டாம். பிரச்சனை அவருக்குத்தான். சொந்தக்காரங்க அல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு வருஷத்துல மொத்தம் 50,000க்கு மேல சும்மா வந்த பணம், வருமான வரிச் சட்டப்படி வாங்கினவரோட வருமானமா கணக்காகும். 2,40,000 வந்திருக்கு. "இது ஊர்ப் பணம் சார்"னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவர் தலையில. டீக்கடை பில்லும் டீசல் பில்லும் கலந்து கிடக்கிற ஒரு பையைத் தூக்கிக்கிட்டு ஆடிட்டர்கிட்ட ஓடணும்.

அதனால ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கமா பதிவு பண்ணுங்க. தமிழ்நாட்டுல 1975-ம் வருஷ சங்கங்கள் சட்டத்துக்குக் குறைஞ்சது ஏழு பேர் வேணும். டிரஸ்ட்டா வேணும்னா சார்பதிவாளர் அலுவலகம். சங்கத்து பேர்லயே பான், பேங்க் அக்கவுண்ட், அப்புறம் 12ஏ, 80ஜி. இதெல்லாம் சலிப்பான வேலைதான். ஆனா கிராண்ட் தர்றவங்க உங்க கண்ணீரைப் பார்க்க மாட்டாங்க, ஆடிட் ரிப்போர்ட்டைத்தான் பார்ப்பாங்க.

கம்பெனி சிஎஸ்ஆர் பணத்தையே எடுத்துக்குங்க. 2013 கம்பெனிச் சட்டத்துல பிரிவு 135. நெட் வொர்த் 500 கோடி, டர்னோவர் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்ட கம்பெனி, கடந்த மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணியாகணும். கம்பெனி இருக்கிற சுத்துவட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கணும்னும் சட்டம் சொல்லுது. மில் ஊரான ராஜபாளையத்துக்கு இது நல்ல செய்தி. ஆனா வெளி அமைப்பு வழியா செலவு பண்ணும்போது அந்த அமைப்புக்கு 12ஏ, 80ஜி, மூணு வருஷ அனுபவம், சிஎஸ்ஆர்-1 பதிவு இருக்கணும். இன்னைக்கு ஆரம்பிச்சாதான் மூணு வருஷம் கழிச்சு அந்தக் கதவைத் தட்ட முடியும்.

வெளிநாட்டுப் பணம்னா இன்னும் உஷார். உங்ககூட படிச்சவன் அமெரிக்காவுல இருக்கான், இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான்னா, அவன் தன் சேமிப்புல இருந்து பேங்க் வழியா அனுப்புறது பிரச்சனை இல்ல. அந்த நாட்டு குடியுரிமை வாங்கிட்டானா, அவன் அனுப்புற 100 டாலர் கூட வெளிநாட்டு நன்கொடை. ஓசிஐ கார்டு இருந்தாலும் அதே கதைதான். எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாம வாங்கினா குற்றம். பதிவு கேட்கணும்னாலே பொதுவா மூணு வருஷம் ஆகியிருக்கணும், அதுல 15 லட்சம் செலவு பண்ணியிருக்கணும். பாசத்துல வந்த 100 டாலர் சங்கத்தையே மூட வச்சிரும்.

சரி, 80ஜில உங்களுக்கு என்ன மிச்சம்? புது வரி முறையில இருந்தா பூஜ்யம். பழைய முறையில 20% ஸ்லாப்னா, வருஷத்துக்கு 6,000 கொடுத்து அதுல பாதிக்குக் கழிவு, செஸ் சேர்த்து 624 ரூபாய் மிச்சம். 2,000க்கு மேல கேஷா கொடுத்தா அதுவும் கிடையாது. வரிக்காக இதைப் பண்ணாதீங்கன்னுதான் சொல்லுவேன்.

இப்ப நான் நிஜமா சொல்ல வந்த விஷயம். மரக்கன்று நட, கரையைப் பலப்படுத்த, போர்டு வைக்கப் பணம் தர ஆள் இருக்காங்க. தண்ணியில எந்தக் கழிவு கலக்குதுன்னு டெஸ்ட் பண்ணவோ, கலக்குறவங்களைக் கேள்வி கேட்கவோ பணம் தர ஆள் ரொம்பக் குறைவு. கழிவுநீர் ஓடை யார் வீட்டு வாசல்ல போகுது, கடைமடைக்கு ஏன் தண்ணி வர்றதில்லன்றதை எந்த சிஎஸ்ஆர் பேனரும் எழுதாது. இதைத்தான் சூழல் நீதின்னு சொல்றாங்க. 1982ல அமெரிக்காவுல வட கரோலினாவின் வாரன் கவுண்டியில, கறுப்பின மக்கள் அதிகமா வாழ்ந்த இடத்துல நச்சுக் கழிவைக் கொண்டுவந்து புதைச்சதை எதிர்த்த போராட்டத்துல இருந்து பெருசா பேசப்பட்ட சொல் அது. 2022ல அந்த நாடு இதுக்காக 300 கோடி டாலர் ஒதுக்குச்சு. 2025ல ஆட்சி மாறினதும் கையெழுத்தான கிராண்ட்களையே நிறைய ரத்து பண்ணிட்டாங்க. நம்ம மலைப்பக்கமும் அப்படித்தான். பெரியாறு-அகத்தியமலை பகுதியையும் சேர்த்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கு 2008ல இருந்து 2015 வரை சிஇபிஎஃப்னு ஒரு சர்வதேச நிதி 'ஏட்ரீ' அமைப்பு மூலமா சின்னச் சின்ன குழுக்களுக்கும் வந்துச்சு. காலம் முடிஞ்சது, நிதியும் முடிஞ்சது. ஒரே சம்பளத்தை நம்பி ஈஎம்ஐ எடுக்காதீங்கன்னு நான் சொல்றதேதான், சங்கத்துக்கும்.

ஆச்சரியம் என்னன்னா, யாரும் நிதி தராத வேலைகள்தான் செலவு கம்மி. ஆர்டிஐ மனுவுக்கு 10 ரூபாய். நஷ்டஈடு கேட்காம தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனா கட்டணம் 1,000 ரூபாய். அதோட தென் மண்டல அமர்வு சென்னையிலதான் இருக்கு. அதனால ஒவ்வொருத்தர் 500லயும் 50 ரூபாயைத் தனியா வைங்க. 40 பேருக்கு வருஷத்துல 24,000. தண்ணி டெஸ்ட், மனு, பஸ் செலவு, கூட்டத்துக்காக ஒரு நாள் கூலியை விட்டுட்டு வர்றவங்களுக்கு அந்தக் கூலி. மீதி 450ஐ நமக்கு நாமேல போடுங்க. இந்த 50ஐ எந்த கம்பெனிகிட்டயும் கேட்காதீங்க. கேட்டா, நாளைக்கு அவங்களையே கேள்வி கேட்க வாய் வராது.

மலையை ஒட்டி ஏதாவது பண்ணப் போறீங்கன்னா இன்னொண்ணு. ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை 2021ல புலிகள் காப்பகம் ஆச்சு, நாட்டுல 51-வது, 1,016 சதுர கிலோமீட்டர். செண்பகத்தோப்புலயும் அய்யனார் கோயில் பக்கமும் பளியர் குடியிருப்பு இருக்கு. அவங்க பேரை 'பயனாளிகள்' கட்டத்துல எழுதினா விண்ணப்பம் அழகாத்தான் இருக்கும். ஆனா 2006 வன உரிமைச் சட்டப்படி அவங்க உரிமைக்காரங்க. கிராம சபைக்குப் போய் என்ன வேணும்னு கேட்டு, அவங்கள்ல ரெண்டு பேரை அந்த ஏழு பேருக்குள்ள உட்கார வச்சிட்டு அப்புறம் ஃபார்ம் நிரப்புங்க.

இந்த மாசம் அந்த க்யூஆர் கோடு வரும்போது 500ஐ அனுப்புங்க, கூடவே குரூப்ல ரெண்டு கேள்வி போடுங்க: "கண்மாய் நீர்வளத்துறையா, ஒன்றியமா? அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கு?" அந்த அண்ணன் கோவிச்சுக்கிட்டா, 50,000 கணக்கை அவருக்குத் தனியா போன்ல சொல்லுங்க.