பரீட்சை முடிந்த பின்னர்: கணக்காளர் உரிமம்

கணக்கியற் பரீட்சையின் இறுதிப் படியிலும் சித்தி எய்திய ஓர் இளைஞரை வீட்டாரும் ஊராரும் அன்றே கணக்காளர் என்று அழைக்கத் தொடங்கிவிடுகின்றனர். அந்தப் பாராட்டுக்கு அவர் உரியவரே. ஆயினும், ஒரு கம்பனியின் கணக்குகளைப் பரிசோதித்து, அவை அக்கம்பனியின் நிலையை உண்மையாகவும் நியாயமாகவும் காட்டுகின்றன என்று அன்றே கையொப்பம் இடச் சட்டம் அவருக்கு இடங்கொடாது. பரீட்சைக்கும் அந்தக் கையொப்பத்துக்கும் இடையிலே சில வாயில்கள் உள்ளன. அவை யாவை, எதற்காக வைக்கப்பட்டன என்பவற்றை நேயர்களுடன் சேர்ந்து நோக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலிலே, கணக்காய்வாளரின் கையொப்பத்தை நம்புவோர் யாவர் என்று எண்ணிப் பார்ப்போம். வைத்தியரை நோயாளி நேரிலே காண்கின்றார். வழக்கறிஞரைக் கட்சிக்காரர் நேரிலே காண்கின்றார். ஆனால், கணக்காய்வாளரின் சொல்லை நம்பிப் பணம் இடுவோர் பெரும்பாலும் அவரை ஒருபோதும் கண்டிராதவர்கள். ஓய்வூதியப் பணத்தை வைப்பிலிட்ட ஆசிரியர், பங்கு வாங்கிய சிறு வியாபாரி, கடன் கொடுக்கும் வங்கி, வரி அறவிடும் அரசாங்கம் ஆகிய அனைவரும் அறிமுகமில்லாத ஒருவரின் கையெழுத்தையே ஆதாரமாகக் கொள்கின்றனர். அக்கையெழுத்து பொய்த்தால் விளையும் கேட்டுக்கு வரலாற்றிலே சான்றுகள் உண்டு.

1878ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, ஸ்கொத்லாந்து நாட்டில், சிற்றி ஒவ் கிளாஸ்கோ என்னும் வங்கி முறிந்தது. திரும்பி வராத கடன்களை நல்ல கடன்களாகவும், இல்லாத பொன்னை இருப்பதாகவும் அதன் ஐந்தொகை பல காலமாகக் காட்டி வந்தது. பங்குதாரரின் பொறுப்புக்கு அங்கே வரையறை இல்லை. வங்கியின் கடனுக்கு ஒவ்வொருவரும் தம் வீடு வாசலையும் இழக்க வேண்டியவராயினர். 1,819 பங்குதாரரில் 254 பேர் மாத்திரமே முறிவடையாது தப்பினர் என்பர். பணிப்பாளர்கள் சிறை சென்றனர். அடுத்த ஆண்டிலேயே, 1879இல், வரையறுத்த பொறுப்புடன் பதிவு பெறும் வங்கிகளுக்கு ஆண்டுதோறும் கணக்காய்வு வேண்டும் என்று பிரித்தானியப் பாராளுமன்றம் விதித்தது.

கணக்காய்வு வேண்டும் என்ற சட்டம், அதனைச் செய்யத் தகுந்தவர் யார் என்று உடனே கூறிவிடவில்லை. அந்தக் குறையைத் தொழிலாளர் சங்கங்கள் அல்ல, கணக்காளர்கள் தாமே அமைத்த கழகங்களே முதலில் நிரப்ப முயன்றன. எடின்பரோ நகரக் கணக்காளர் கழகம் 1854இல் அரச பட்டயம் பெற்றது. இங்கிலாந்தின் நிறுவகம் 1880இல் பெற்றது. பட்டயக் கணக்காளர் என்னும் பெயர் இவ்வாறு பிறந்ததேயாகும்.

நமது நாட்டிலே தோட்டக் கம்பனிகளின் கணக்குகளை நெடுங்காலம் பிரித்தானியாவிலிருந்து வந்தோரே ஆய்ந்தனர். இத்தொழிலை விரும்பிய இலங்கையர் கடல் கடந்து சென்று பயில வேண்டியிருந்தது. 1938ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கக் கம்பனிகள் கட்டளைச் சட்டம் வந்த பின்னர், 1941இல் கணக்கியற் சபை ஒன்று அமைந்தது. 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தினாலே இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் தோன்றியது. பரீட்சை நடத்துதல், பயிற்சியை ஒழுங்கு செய்தல், அங்கத்தவரைப் பதிதல், தவறியோரை விசாரித்தல் ஆகிய பொறுப்புகள் இந்த நிறுவகத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

இனி வாயில்களைப் பார்ப்போம். முதலாவது செயன்முறைப் பயிற்சி. நிறுவகம் அங்கீகரித்த இடத்திலே, தகுதி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில், பொதுவாக மூன்று ஆண்டு அளவுக்கு மாணவர் பணியாற்ற வேண்டும். செய்த வேலை பதிவேட்டிலே எழுதப்பட்டு, மேற்பார்வையாளரால் உறுதி செய்யப்படும். பரீட்சைகளைப் படித்துக்கொண்டே பலர் இதனையும் நிறைவேற்றுவர்; பயிற்சி எஞ்சியிருப்பவர் சித்தி எய்திய பின்னரும் அதனை முடித்தாக வேண்டும்.

பரீட்சையில் இத்தனை கெட்டித்தனம் காட்டியவருக்கு மேலும் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்லுவோம். வினாத்தாளிலே, ஆண்டிறுதிக் கையிருப்பு 2,000 மூட்டை அரிசி என்று அச்சிட்டிருக்கும். மாணவர் அத்தொகையை உண்மை என்று கொண்டே விடை எழுதுவார். களஞ்சியத்துக்குச் சென்றாலோ, அந்த 2,000 என்பதே வினாவாகிவிடுகின்றது. வெளிவரிசையிலே மூட்டைகள் சுவர்போல் உயர்ந்து நிற்கும். உள்ளே வெற்றிடம் இருக்கலாம். சில மூட்டைகள் பிறர் நம்பிக் கொடுத்து வைத்தவையாக இருக்கலாம். சிலவற்றிலே புழு பிடித்திருக்கலாம். ஏணி வைத்து ஏறிப் பார்க்கவும், களஞ்சியக்காரரிடம் மரியாதையோடும் அயராமலும் வினவவும், வங்கியிடமிருந்து நேரடியாகக் கடிதம் பெற்று மீதியைச் சரிபார்க்கவும் புத்தகம் முற்றாகக் கற்றுத்தராது. அனுபவமுள்ளவரின் பின்னே நடந்தே அவற்றைக் கற்றல் வேண்டும்.

இரண்டாவது வாயில் அங்கத்துவம். பரீட்சையும் பயிற்சியும் நிறைவேறியதற்கான சான்றுகளுடன் நிறுவகத்தின் பேரவைக்கு விண்ணப்பித்தல் வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்டால் விண்ணப்பித்தவரின் பெயர் அங்கத்தவர் பதிவேட்டிலே ஏறும். முதலில் அவர் இணை அங்கத்தவர். ஆண்டுகள் சென்று உரிய நிபந்தனைகள் நிறைவேறிய பின்னர் முதுநிலை அங்கத்தவராவார். பதிவேட்டில் இடம் பெறாத ஒருவர், எத்தனை பரீட்சைகளில் சித்தி எய்தியிருப்பினும், பட்டயக் கணக்காளர் என்று தம்மைக் கூறிக்கொள்ளுதல் குற்றமாகும்.

மூன்றாவது வாயில் தொழில் நடத்தும் சான்றிதழ். இங்கேதான் பலர் மயங்குகின்றனர். ஒரு கம்பனியிலே சம்பளத்துக்குக் கணக்காளராகப் பணியாற்றுபவருக்கு அங்கத்துவம் போதுமானது. பொதுமக்களுக்கென அலுவலகம் திறந்து கணக்காய்வுத் தொழில் நடத்த விரும்புபவரோ இச்சான்றிதழையும் பெறல் வேண்டும். இது ஒரு முறை பெற்று வாழ்நாள் முழுவதும் சுவரிலே தொங்கவிடும் பத்திரம் அன்று. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. சட்டங்களும் நியமங்களும் மாறிக்கொண்டிருத்தலால், தொடர்ந்து கற்றுவருவதும் அங்கத்தவரின் கடமையாக வைக்கப்பட்டுள்ளது.

சான்றிதழ் கையில் இருந்தாலும் எல்லா ஐந்தொகையிலும் கையொப்பம் இட முடியாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, கம்பனியின் கணக்காய்வாளர் நிறுவகத்தின் அங்கத்தவராகவோ பதிவு செய்யப்பட்ட கணக்காய்வாளராகவோ இருத்தல் வேண்டும். அக்கம்பனியின் பணிப்பாளரோ ஊழியரோ அப்பதவியை வகிக்க முடியாது. தன் கணக்கைத் தானே ஆய்தல் ஆய்வாகாது என்பதே இதன் கருத்து. நம் நாட்டிலே 1980களின் பிற்பகுதியில் நிதிக் கம்பனிகள் பல முறிந்து வைப்பாளர்கள் தவித்ததை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், வங்கி, காப்புறுதி, நிதிக் கம்பனி போன்ற குறித்த நிறுவனங்களின் கணக்குகளும் கணக்காய்வும் நியமங்களுக்கு இசைய அமைதல் வேண்டும் என விதித்து, அதனைக் கண்காணிக்க ஒரு சபையையும் ஏற்படுத்தியது.

பிற நாடுகளும் இவ்வாயில்களை வைத்திருக்கின்றனவா? ஐக்கிய அமெரிக்காவிலே நியூயோர்க் மாநிலம் 1896இல் முதன்முதலாக இதற்கெனச் சட்டம் இயற்றியது. அங்கே பரீட்சை நாடு முழுவதற்கும் ஒன்று; உரிமம் வழங்குவதோ ஒவ்வொரு மாநிலத்தினதும் சபை. பட்டப்படிப்புக்கு மேலும் ஓராண்டளவு கல்வியும் ஓராண்டு அனுபவமும் வேண்டும் என்பது நெடுங்கால விதியாக இருந்தது. 2025 முதல், ஒகையோ உள்ளிட்ட பல மாநிலங்கள், சாதாரணப் பட்டத்துடன் ஈராண்டு அனுபவமும் போதும் என்று மாற்றுவழி வகுத்துள்ளன. கல்வியின் அளவைக் குறைத்த இடத்தும் அனுபவத்தை அவர்கள் கூட்டினரேயன்றி நீக்கினாரில்லை என்பது கவனிக்கத் தக்கது.

இவ்வாயில்கள் இளைஞருக்குச் சுமையல்லவா என்ற கேள்வி நியாயமானதே. பயிற்சி இடங்கள் பெரும்பாலும் கொழும்பிலே குவிந்திருக்கின்றன. தூரத்து ஊரிலிருந்து வரும் மாணவர், பயிற்சிக் காலத்துச் சிறு கொடுப்பனவிலே அறை வாடகையும் உணவும் பார்த்துக்கொண்டு இரவிலே படிக்க வேண்டியிருக்கின்றது. திறமை இருந்தும் வசதியின்மையால் ஒருவர் இடையிலே நின்றுவிடுவாராயின் அது நாட்டுக்கே இழப்பு. வாயில் தகுதியைச் சோதிக்கலாம், பணப்பையைச் சோதிக்கலாகாது. ஆகவே, வெளி மாவட்டங்களிலே பயிற்சி இடங்களைப் பெருக்குதல், அங்கே தொழில் நடத்தும் மூத்த கணக்காளர்களும் நிறுவகமும் ஏற்க வேண்டிய கடமையாகும். வாயிலை அகற்றிவிடுதல் இதற்குப் பரிகாரமாகாது. அகற்றினால் நட்டமடைபவர் முகந்தெரியாத அந்த வைப்பாளரே.

பரீட்சையிலே சித்தி எய்தி நிற்கும் இளைஞர்களுக்கு மூன்று சொற்கள். பயிற்சிப் பதிவேட்டை அன்றன்றே எழுதி ஒப்பம் பெறுங்கள். பின்னர் நினைவிலிருந்து நிரப்ப முயல்வது தாமதத்துக்கும் தவறுக்கும் இடமாகும். தொழில் நடத்துவதா, சம்பளத்துக்குப் பணியாற்றுவதா என்று முன்னரே சிந்தித்து, அதற்கேற்ற சான்றிதழை நாடுங்கள். சான்றிதழ் பெற்ற முதலாண்டிலே, தாம் பார்க்காத கணக்குக்கு ஒப்பமிடும்படி உறவினரோ நண்பரோ கேட்பதுண்டு. அவ்வேளையில், மறுத்துவிடும் உரிமையும் உங்கள் உரிமத்தோடு சேர்ந்தே வந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

பொதுமக்களுக்கும் ஒரு சொல். சேமிப்பை ஓரிடத்திலே இடுமுன், அந்நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்கி, கணக்காய்வாளர் அறிக்கை எனும் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கையொப்பமிட்டவர் யார், அவர் எந்தக் குறையையேனும் குறித்துள்ளாரா என்று நோக்குங்கள். ஐயமிருப்பின், அவர் பதிவேட்டில் உள்ளவரா என்று நிறுவகத்திடம் விசாரிக்கலாம். அந்தப் பதிவேடு உங்கள் பாதுகாப்புக்காகவே வைக்கப்பட்டிருக்கின்றது.