ஸ்டெதாஸ்கோப் நெஞ்சில் படாத பரிசோதனை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆலைகளில் ஐம்பதைத் தாண்டிய தொழிலாளிக்கு மூச்சு வாங்கினால், புகை, தூசி, பீடி, வயது என்று காரணங்கள் உடனே கிடைத்துவிடும். இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் புறப்படும் வாசலான மகாதமனி வால்வு, சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிப்போயிருக்கலாம் என்ற எண்ணம் கடைசியில்தான் வருகிறது. ஆலைகளில் நடக்கும் முகாம்களில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். 2024இல் தமிழக அரசு தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டமும் முக்கியமாக இவற்றையே தேடுகிறது. இரண்டும் அவசியம்தான். ஆனால் வால்வுச் சுருக்கம் அவற்றில் தெரியாது. இசிஜிகூடச் சிலருக்குச் சரியாகவே இருக்கும். நெஞ்செலும்பின் வலப்பக்க மேல்விளிம்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் கேட்கும், கழுத்துவரை பரவும் கரகரத்த இரைச்சல்தான் பெரும்பாலும் முதல் தடயம். வருடாந்தரப் பரிசோதனையில் இந்த ஒரு நிமிடத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன்.

நல்ல வால்வு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். அது 1 சதுர சென்டிமீட்டராகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கி, எக்கோவில் ரத்தம் விநாடிக்கு 4 மீட்டருக்குக் குறையாத வேகத்தில் பாய்வது தெரிந்தால் சுருக்கம் கடுமையானது. பல வருடங்கள் தொந்தரவே இருக்காது. தொந்தரவு தொடங்கிய பின் காலம் குறைவு: நெஞ்சுவலி வந்தவர்களுக்குச் சராசரியாக 5 ஆண்டு, மயங்கி விழுந்தவர்களுக்கு 3, இதயம் தளர்ந்து மூச்சு முட்டியவர்களுக்கு 2 என்று இதய மருத்துவர்கள் ராஸும் பிரான்வால்டும் 1968இலேயே எழுதிவிட்டார்கள். சுருங்கிய வால்வைத் திறக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. வால்வை மாற்றியாக வேண்டும்.

தொந்தரவே இல்லாதவரை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று கேட்கலாம். உழைத்துப் பழகியவர் பாரத்தை இளையவரிடம் விட்டு, படியேறுவதைக் குறைத்துக்கொண்டு, ‘ஒண்ணுமில்லை சார்’ என்பார். அந்தப் பதிலை நம்பி விட்டுவிட முடியாது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன, கடுமையான சுருக்கம் இருந்தும் அறிகுறியற்ற 901 பேரிடம் வட அமெரிக்காவில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், காத்திருக்க வைக்கப்பட்டவர்களில் 87 சதவீதத்தினருக்குச் சுமார் நான்கு வருடத்துக்குள் வால்வு மாற்ற வேண்டியதாயிற்று. உடனே மாற்றிக்கொண்டதால் உயிரிழப்பு பெரிதாகக் குறையவில்லை, திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்வதுதான் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே எல்லோருக்கும் உடனே ஆபரேஷன் என்பதல்ல பேச்சு. யாரைக் கண்காணிப்பது என்று முதலில் தெரிய வேண்டும். தீங்கற்ற இரைச்சல்களால் எக்கோ அறையில் கூட்டம் சேரும் என்ற கவலை நியாயமானது. பலத்த இரைச்சல் உள்ளவர்களை முதலில் அனுப்பலாம். தளர்ந்த இதயத்தில் இரைச்சல் மங்கிவிடும் என்பதால், உழைக்கும்போது மூச்சு வாங்குபவரை ஓசை எப்படியிருந்தாலும் அனுப்ப வேண்டும்.

செலவுக்கு இஎஸ்ஐ உண்டு, முதலமைச்சர் காப்பீடு உண்டு. ஐம்பதைத் தொடாதவர்களுக்கு ஆபரேஷன் செய்து உலோக வால்வு பொருத்துவதே வழக்கம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் உருவான இந்திய வால்வு 1990 முதல் பொருத்தப்படுகிறது. உலோக வால்வு பொருத்திய பிறகுதான் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்க அடிக்கடி ஐஎன்ஆர் பரிசோதனை. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சென்னை சென்ட்ரலுக்கு ரயிலேற வேண்டுமென்றால் ஒப்பந்தத் தொழிலாளி எத்தனை மாதம் போவார்? அந்தச் சோதனை கும்மிடிப்பூண்டியிலேயே, ஷிப்ட் முடிந்தபின் கிடைக்க வேண்டும். பரிசோதனை முடிவும் நிர்வாகத்துக்கு முன் தொழிலாளியின் கைக்குப் போக வேண்டும். வேலை போய்விடும் என்ற பயமிருந்தால் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றவே மாட்டார்.