கூகுள் மேப்பில் ‘புயலிலே ஒரு தோணி’: நாவல் வகுப்புக்கு வரைபடம் எப்படி உதவும்?

காரைக்குடி பக்கம் ஒரு பழைய வீட்டுக்குள் போனால் பர்மா தேக்குத் தூண் நிற்கும். தாத்தா மலேயாவில் ‘அடுத்தாளா’ இருந்த கதையும் வரும். ஆனால் பினாங்கு எங்கே, மெடான் எங்கே என்று மேப்பில் காட்டச் சொன்னால் கல்லூரி மாணவர்கள் பலரும் கொஞ்சம் யோசிப்பார்கள். இந்த இடைவெளியிலேயே உட்கார்ந்திருக்கும் நாவல்தான் ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’.

சிங்காரம் இதே சிவகங்கை மாவட்டத்துக்காரர். 1920-ல் சிங்கம்புணரியில் பிறந்தவர், 1938-ல் கடை வேலைக்காக இந்தோனேசியாவின் மெடானுக்குக் கப்பலேறினார். போர் முடிந்து 1946-ல் ஊர் திரும்பினார். எழுதியது ரெண்டே நாவல்: 1959-ல் ‘கடலுக்கு அப்பால்’, 1972-ல் ‘புயலிலே ஒரு தோணி’.

ரெண்டாவது நாவலைக் கையில் எடுக்கும் மாணவர் முதல் சில பக்கங்களிலேயே திணறுவார். ஜப்பான் ராணுவம் மெடானுக்குள் நுழைகிறது. டச்சுத் தெருப்பெயர், மலாய் சொல், செட்டியார் வட்டிக்கடை எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுகின்றன. கதாநாயகன் பாண்டியன் எங்கே நிற்கிறான் என்பதே பிடிபடாது. வரைபடம் முதலில் உதவுவது இங்கேதான்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

கூகுளின் ‘மை மேப்ஸ்’ இலவசம். ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும், கம்ப்யூட்டர் பிரவுசரில் திறப்பது வசதி. வகுப்பை நாலு குழுவாகப் பிரித்து ஆளுக்குச் சில அத்தியாயங்கள் கொடுக்கலாம். இடம் வரும்போதெல்லாம் ஒரு புள்ளி. புள்ளியைத் தட்டினால் பக்க எண்ணும், அங்கே என்ன நடக்கிறது என்று மாணவரே எழுதிய ரெண்டு வரியும் வர வேண்டும். பக்க எண் கட்டாயம். இல்லையென்றால் நாவலைத் திறக்காமலே விக்கிபீடியாவைப் பார்த்து புள்ளி குத்திவிடுவார்கள்!

ஒரே மேப்பில் 10 அடுக்குகள் வரை வைக்கலாம். இந்த நாவலுக்கு ரெண்டு அடுக்கு முக்கியம். பாண்டியனின் உடம்பு இருக்கும் இடங்களுக்கு நீலம். அவன் நினைப்பு ஓடும் இடங்களுக்கு சிவப்பு.

ஏன் ரெண்டு? ஏனென்றால் ஆள் மெடானில் இருப்பான், மனசு மதுரைத் தெருக்களில் சுற்றும். சொந்த ஊரான சின்னமங்கலத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும். நீலப் புள்ளிகள் சுமத்ரா, மலேயா என்று விரியும்; சிவப்பு வைகைக்கரையை விட்டு நகராது. பரீட்சையில் ‘புலம்பெயர்வின் ஏக்கம்’ என்று மனப்பாடமாக எழுதுவார்களே, அது இங்கே கண்ணுக்கே தெரியும்.

இது புது ஐடியா இல்லை. இத்தாலிய விமர்சகர் பிராங்கோ மொரெட்டி ஐரோப்பிய நாவல்களுக்கான அட்லஸை 1990-களிலேயே கொண்டு வந்தார். பால்சாக்கின் பாரிஸ் நாவல்களில் இளைஞர்கள் சேன் நதியின் ஒரு கரையில் இருக்கிறார்கள், அவர்கள் ஆசைப்படுவதெல்லாம் மறுகரையில் இருக்கிறது என்பதை வரைபடம் போட்டே காட்டினார். நம்மூரிலும் ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்கள் வீராணம் ஏரியில் தொடங்கி வந்தியத்தேவன் போன வழியில் டூர் போகிறார்களே, அதுவும் ஒரு வகையில் இதே வேலைதான்.

சிக்கல் இல்லாமல் இல்லை. முதல் சிக்கல் பெயர். படேவியா இன்று ஜகார்த்தா. ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூருக்கு ‘ஷோனான்’ என்று பெயர். மெடானின் டச்சுத் தெருப்பெயர்களை இன்றைய கூகுள் மேப்பில் தேடினால் பல கிடைக்காது. இதற்கு நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக நூலகம் கைகொடுக்கும். டச்சுக் காலனி கால வரைபடங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்து ஒரு தெருவைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு பீரியடு போய்விடும். போகட்டும், அந்த ஒரு மணி நேரம்தான் உண்மையான வாசிப்பு.

அடுத்தது சின்னமங்கலம். அதை எங்கே குத்துவது? எழுத்தாளரின் சிங்கம்புணரியிலா, மதுரைக்குப் பக்கத்தில் வேறெங்காவதா? நாவலில் வரும் சந்தையையும் வழியையும் வைத்து மாணவர்கள் வாதாடட்டும். ஒரே விடை வர வேண்டிய அவசியமில்லை. வகுப்பில் ரெண்டு சின்னமங்கலம் இருந்தாலும் தப்பில்லை.

மூன்றாவது, கடல். மெடானின் துறைமுகமான பெலாவானில் இருந்து பினாங்குக்கு அளவுகோல் கருவியை இழுத்தால் சுமார் 260 கி.மீ. காட்டும். காரைக்குடியில் இருந்து பஸ்ஸில் கோவை போகிற தூரம்தான். ஆனால் பாண்டியன் போவது போர்க்காலத்தில், தொங்கானில், புயலுக்கு நடுவே. மேப்பில் அந்த இடம் அலையே இல்லாத வெளிர் நீலமாக இருக்கும். நாவலில் எத்தனையோ பக்கம் ஓடுகிற பயத்தை ஒரு நேர்க்கோடு விழுங்கிவிடுகிறது.

அதனால் அந்தக் கோட்டைப் போட்டபிறகு லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு, புயல் அத்தியாயத்தை வகுப்பில் சத்தமாக வாசிக்க வைப்பது நல்லது. வாசித்து முடித்ததும், புயலுக்கான புள்ளியைக் கோட்டில் எந்த இடத்தில் வைப்பது என்று கேளுங்கள்.