வானளாவிய கட்டடமும் எல். எம். சித்தலேயின் பணியும்

ரேணிகுண்டாவிலிருந்து ஏர்பேடு வழியாகத் திருக்காளத்தி செல்வோர் பல தலைமுறைகளாகக் கண்டு வணங்கிய இராஜகோபுரம் ஒன்று அவ்வூரில் இருந்தது. கிருஷ்ணதேவராயர் 1516-ஆம் ஆண்டில் எழுப்பிய அக்கோபுரம் ஏழு நிலைகளும் ஏறக்குறைய 135 அடி உயரமும் உடையது. அதன் உடலில் நெடுநாளாகவே ஒரு பிளவு இருந்து வந்தது. 2010-ஆம் ஆண்டு மே மாதம் அப்பிளவு விரிவடையக் கண்ட அதிகாரிகள் அருகிலிருந்தோரை அப்புறப்படுத்தினர். 26-ஆம் நாள் இரவு கோபுரம் இடிந்து வீழ்ந்தது. முன்னெச்சரிக்கையின் பயனாகப் பெரும் உயிர்ச்சேதம் தவிர்ந்தது. அவ்விடத்தில் எழுப்பிய புதிய கோபுரத்திற்கு 2017-இல் குடமுழுக்கு நடந்தது.

களப்பணியாளர்கள் இதில் ஒன்றைக் கருதல் வேண்டும். சுவரிற் கண்ட பிளவு பழையதா, இன்னும் வளர்கின்றதா என்றறிய எளிய வழி உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைப் பிளவின் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் சிமெண்டுச் சாந்தினால் பதித்துத் தேதியையும் எழுதி வைத்தால் போதும். கண்ணாடி உடையுமாயின் சுவர் அசைகின்றது என்பது தெளிவு. அப்போது பூச்சு வேலை செய்து பிளவை மறைப்பது பேதைமையாகும். பொறியாளருக்கு உடனே எழுதுதலே முறை.

கல்லாலும் செங்கல்லாலும் உயர்ந்த கட்டடங்களில் சுவரே பளுவைத் தாங்குகின்றது. உயரம் கூடக்கூட அடிச்சுவரின் கனமும் கூடியாக வேண்டும். ஆதலின் நம் முன்னோர் கோபுரத்தை அடியில் அகலமாகவும் மேலே செல்லச்செல்லக் குறுகலாகவும் அமைத்தனர். அடித்தளத்தைக் கருங்கல்லாலும், மேல்நிலைகளைப் பளுக் குறைந்த செங்கல், சுண்ணாம்பு ஆகியவற்றாலும் கட்டுவது விஜயநகரக் காலத்துப் பொதுவழக்கு. உயரம் என்று மட்டும் பார்த்தால், 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி உயர்ந்து, பின்னர்க் கூறப்போகும் சென்னைக் கட்டடத்தையும் விஞ்சி நிற்கின்றது. ஆனால் அவ்வுயரத்தில் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து அலுவல் பார்க்க இயலாது. அதற்கு வேறொரு முறை தேவையாயிற்று.

அம்முறையைப் பெருங்கட்டடத்தில் முதன்முதல் கையாண்டவர் என்று பொதுவாகக் கூறப்பெறுபவர் அமெரிக்கரான வில்லியம் லெ பாரன் ஜென்னி (1832–1907). சிக்காகோ நகரில் 1885-இல் முடிவுற்ற ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தின் பத்து மாடிகளில், தூண்களும் உத்தரங்களும் இணைந்த உலோகச் சட்டகம் பெரும்பகுதிப் பளுவைச் சுமந்தது. பக்கச் சுவர்களும் ஓரளவு பளுவைத் தாங்கியமையால், இதனை முதல் வானளாவி எனல் தகுமா என்று அறிஞர் இன்றும் வாதிடுவர். அவ்வாதம் எவ்வாறாயினும், அதே நகரில் 1891-இல் செங்கற்சுவர்களையே நம்பி எழுந்த பதினாறு மாடி மொனாட்நாக் கட்டடத்தின் அடிச்சுவர் ஆறடிக் கனம் கொள்ள நேர்ந்தது என்பதை நோக்கின் சட்டகத்தின் அருமை விளங்கும். மின்தூக்கியின் கயிறு அறுந்தாலும் கூண்டு வீழாமல் தடுக்கும் சாதனத்தை எலிஷா ஓட்டிஸ் 1854-லேயே நியூயார்க்கில் செய்து காட்டியிருந்தார். அஃதில்லையேல் பத்தாம் மாடிக்குக் குடிவர எவரும் இசைந்திருக்கமாட்டார்.

சென்னையில் இம்முயற்சி பிறந்த வரலாறு சுவையுடையது. யுனைடெட் இந்தியா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கென மவுண்ட் ரோட்டில் (இன்று அண்ணா சாலை) ஓர் உயர்ந்த கட்டடம் எழுப்ப விழைந்தவர் எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார். இலண்டனைச் சேர்ந்த எச். ஜே. பிரௌன், எல். சி. மோலின் என்பார் அமைப்பு வரைந்தனர். 1953-இல் வேலை தொடங்கிற்று. மறு ஆண்டே சிங்கப்பூரில் நிகழ்ந்த விமான விபத்தில் செட்டியார் உயிர்நீத்தார். 1956-இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழில் நாட்டுடைமையாக்கப்பட்டமையால், முடிவுறாத கட்டடமும் புதிய கார்ப்பரேஷன் வசமாயிற்று. 1957-இல் கட்டடக் கலைஞர் இருவரும் விலகினர்.

இவ்வாறு உரிமையாளரும் மாறி, வரைந்தோரும் நீங்கிய நிலையில் பொறுப்பேற்றவர் எல். எம். சித்தலே. சென்னையில் தொழில் நடத்திய முன்னோடி இந்தியக் கட்டடக் கலைஞர்களுள் அவர் ஒருவர். பிறர் வரைந்ததைப் பிறர் தொடங்கிய இடத்திலிருந்து எடுத்து முடிப்பது, புதிதாக ஒன்றைப் படைப்பதினும் கடினம் என்பது எம் கருத்து. தூண்கள் நின்ற இடத்தை மாற்ற இயலாது; கடைக்கால் தாங்கும் பளுவும் முன்னரே வரையறுக்கப்பட்டுவிட்டது. அவ்வெல்லைக்குள் நின்றே அவர் பணியை நிறைவேற்றினார். 177 அடி (ஏறக்குறைய 54 மீட்டர்) உயரமுடைய அக்கட்டடத்தை, அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் 1959 ஆகஸ்ட் 23-ஆம் நாள் திறந்து வைத்தார். செலவு 87 லட்சம் ரூபாய். சென்னை மக்கள் அதனைப் 'பதினாலு மாடி' என்றே வழங்கினர். தரைத்தளத்தையும் சேர்த்தெண்ணினால் பதினைந்தாகும். 1961-இல் பம்பாயில் உஷா கிரண் எழும்வரை இந்தியாவிலேயே உயர்ந்த கட்டடம் எனும் பெருமை அதற்கிருந்தது.

செங்கல்லும் சுண்ணாம்பும் ஆண்ட நகரில், கம்பியிட்ட கான்கிரீட்டுத் தூண்களை நம்பி இவ்வளவு உயரம் செல்லலாம் என்று மெய்ப்பித்ததே அக்கட்டடத்தின் தனிச்சிறப்பு. 1975 ஜூலையில் அதனைப் பெருந்தீ பற்றியது. ஆயினும் சட்டகம் நின்றது. பழுது பார்க்கப்பெற்று மீண்டும் அலுவலகமாயிற்று.

ஆசிரியர்கள் சட்டகத்தின் தத்துவத்தை வகுப்பிலேயே விளக்கலாம். மூங்கிற் குச்சிகள் பன்னிரண்டை நூலால் இறுகக் கட்டி ஒரு கனசதுரச் சட்டகம் அமைத்து, நான்கு பக்கமும் காகிதம் ஒட்டி, மேலே ஒரு சிலேட்டை வைக்க. பின் காகிதத்தைக் கிழித்துவிட்டாலும் சிலேட்டு வீழாது. ஆனால் பக்கவாட்டில் விரலால் தள்ளினால் சட்டகம் முன்னினும் எளிதாகச் சாயக் காண்பர். பளுவைச் சுமவாத சுவரும் சாய்வைச் சிறிது தடுத்திருந்தது என்பது அப்போது புலனாகும். ஒரு பக்கத்தில் மூலைக்கு மூலை குறுக்குக் குச்சி ஒன்றைக் கட்டி அப்பக்கத்தின் போக்கிலேயே மீண்டும் தள்ளச் சொல்லுக. காற்றின் விசைக்குக் கட்டடக் கலைஞர் ஏன் அஞ்சுகின்றனர் என்று மாணவரே வினவத் தொடங்குவர்.