வடகடலின் மீஸான்

கி.பி. பத்தாம் நூற்றாண்டின் புவியியல் அறிஞர் அல்முகத்தஸீ, வோல்கா நதிக்கரையில் இருந்த புல்கார் நாட்டிலிருந்து குவாரிஸ்ம் வழியாக முஸ்லிம் உலகின் சந்தைகளுக்கு வந்துசேர்ந்த சரக்குகளை வரிசைப்படுத்துகிறார். மென்மயிர்த் தோல்கள், தேன், மெழுகு, வேட்டைக்குப் பழக்கும் வல்லூறுகள் ஆகியவற்றோடு 'மீன் பல்' என்றொரு பொருளும் அவ்வரிசையில் இடம்பெறுகிறது. வடதுருவத்தை ஒட்டிய குளிர்கடல்களில் வாழும் வால்ரஸ் என்னும் பெருவிலங்கின் தந்தமே இது என்பது ஆய்வாளர் கருத்து. அதே நூற்றாண்டில், கி.பி. 921இல் பக்தாதிலிருந்து புறப்பட்டு அந்நாட்டுக்குத் தூது சென்ற இப்னு ஃபள்லான், வடபுலத்துக் கோடை இரவு இஷாவுக்கும் ஃபஜ்ருக்கும் இடைவெளியின்றிச் சுருங்கிப்போவதை வியப்போடு பதிவு செய்தார்.

தந்தம் நம் முன்னோரின் கைக்கு வந்தது. ஆனால், அதைத் தாங்கியிருந்த உயிரைப் பற்றியும், அவ்வுயிரைத் தாங்கியிருந்த கடலைப் பற்றியும் அறிவு வந்துசேரவில்லை. 'மீன் பல்' என்ற பெயரே அதற்குச் சான்று. வால்ரஸ் மீனே அன்று. ஒரு பொருளைப் பயன்படுத்துவதற்கும், அது எந்த ஒழுங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அறிவதற்கும் உள்ள தொலைவு பெரிது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அத்தொலைவைக் கடக்க முயலும் ஆய்வுகளில் இந்தியாவுக்கும், குறிப்பாகத் தமிழகத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அவ்வாய்வுகள் புலப்படுத்தும் உண்மை யாது, திருக்குர்ஆன் கூறும் 'மீஸான்' என்னும் கருத்தை விளங்கிக்கொள்ள அது எவ்வாறு துணைசெய்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

துருவத்தில் ஓர் இந்திய நிலையம்

நார்வே நாட்டின் ஆளுகைக்குட்பட்ட ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம் வடதுருவப் பெருங்கடலில் உள்ளது. அதன் நீ-ஓலசுண்ட் என்னும் சிற்றூர், வட அகலக்கோடு 79 பாகைக்கு அருகே, துருவத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. 1920 பிப்ரவரி 9இல் பாரிசில் கையெழுத்தான ஸ்வால்பார்டு உடன்படிக்கையில் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவும் பங்குகொண்டது. எனினும் 2007ஆம் ஆண்டில்தான் முதல் இந்திய ஆய்வுக்குழு அங்குச் சென்றது. 2008 ஜூலை 1இல் 'ஹிமாத்ரி' என்னும் இந்திய ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் அதனை நடத்திவருகிறது. 2023 டிசம்பர் முதல் குளிர்காலத்திலும் ஆய்வாளர்கள் அங்குத் தங்கத் தொடங்கினர். ஆண்டில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் அங்குக் கதிரவன் அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. அத்தகைய ஊரில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் முறை பற்றி ஃபிக்ஹு அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அது தனிக் கட்டுரைக்குரியது.

இவ்வூரின் எதிரே கோங்ஸ் ஃபியோர்டு என்னும் கடற்கை மலைகளுக்கிடையே சுமார் 20 கிலோமீட்டர் உள்நோக்கி நீள்கிறது. அதன் தலைப்பகுதியில் பனியாறுகள் கடலில் இறங்குகின்றன. வாய்ப்பகுதியில் அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்பநீர் நுழைகிறது. குளிர்நீரும் வெப்பநீரும் சந்திக்கும் இடமாதலால், வடகடலின் மாற்றங்களை முன்கூட்டியே காட்டும் கண்ணாடியாக இது கருதப்படுகிறது.

2014 ஜூலை 23இல் இக்கடற்கையில் 192 மீட்டர் ஆழத்தில் 'இண்டார்க்' என்னும் இந்திய அளவீட்டுத் தொகுதி நங்கூரமிடப்பட்டது. கடலடியில் எடைக்கல்லும், மேலே மிதவையும், இடையே நீண்ட வடத்தில் பல்வேறு ஆழங்களில் கட்டப்பட்ட கருவிகளுமாக இது அமைந்தது. நீரின் வெப்பம், உப்புத்தன்மை, நீரோட்டம் முதலியவற்றை இடைவிடாது அளப்பது அதன் பணி. இதனை உருவாக்கி நிறுவியதில் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்கு முதன்மையான பங்கு உண்டு. நீருக்கடியில் எழும் ஓசைகளைப் பதிவு செய்யும் கருவிகளையும் இக்கழகத்தார் இக்கடற்கையில் இறக்கி, பனிப்பாளங்கள் வெடித்துப் பிளக்கும் ஒலியைப் பிரித்தறிந்துள்ளனர்.

உயிரினங்களை அறிய வெப்பத்தையும் உப்பையும் ஏன் அளக்க வேண்டும் என்னும் வினா எழலாம். நீர் எங்கிருந்து வருகிறதோ, அங்குள்ள உயிரும் அதனுடன் வருகிறது. அட்லாண்டிக் நீர் எப்போது, எவ்வளவு நுழைகிறது என்பது தெரிந்தால்தான் எவ்வுயிர் வந்தது, எது பின்வாங்கியது என்பதற்குக் காரணம் கூற முடியும்.

அரிசி மணியளவு ஓர் உயிர்

வடகடல் என்றதும் வெண்கரடியும் திமிங்கிலமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவ்வுலகின் அச்சாணி ஓர் அரிசி மணியைவிடப் பெரிதாக இராத ஓர் உயிர். இறாலுக்குத் தூரத்து உறவான இவ்வினத்தைத் தமிழில் துடுப்புக்காலி என்பர். குளிர்நீருக்கு உரிய வகையின் அறிவியற்பெயர் கலானஸ் கிளேசியாலிஸ்.

துருவ இரவு முடிந்து ஒளி திரும்பும்போது, கடற்பனியின் அடிப்பரப்பில் நுண்பாசிகள் தழைக்கின்றன. அவற்றை உண்டு துடுப்புக்காலி முட்டையிடுகிறது. பனி உடைந்து கடல் திறந்ததும் நீரில் மிதக்கும் பாசிகள் பெருகுகின்றன. அவ்வேளையில் பொரித்த குஞ்சுகள் அவற்றை உண்டு வளர்கின்றன. இரு பாசிப்பெருக்குகளுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மாத இடைவெளி உண்டு. முட்டையும் குஞ்சும் அக்கால அளவுக்குப் பொருந்தியே அமைந்துள்ளன. குறுகிய கோடைக்குள் உண்டதையெல்லாம் கொழுப்பாக மாற்றி உடலுக்குள் ஓர் எண்ணெய்ப் பையில் சேமித்துக்கொண்டு, குளிர்காலத்தில் இது ஆழத்தில் உறங்குகிறது. அதன் உலர் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்பாக இருப்பதுண்டு. சில வாரங்களே கிடைக்கும் கதிரொளி, இவ்வாறு ஆண்டு முழுமைக்குமான உணவாகப் பொதிந்துவைக்கப்படுகிறது.

இதனை உண்டு துருவக் காட் என்னும் சிறு மீன் வாழ்கிறது. உறைநிலையிலும் குருதி உறையாதிருக்க அதன் உடலில் தனிப்பட்ட புரதங்கள் அமைந்துள்ளன. அம்மீனை வளையச் சீல் உண்கிறது. அந்தச் சீலை வெண்கரடி உண்கிறது. வானிலிருந்து வந்து இதே துடுப்புக்காலியை நேரடியாக உண்பது சிறு ஆக் என்னும் கடற்பறவை. சுமார் 160 கிராம் எடையுள்ள இப்பறவை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடுகிறது. குளிர்கடலில் மூழ்கி மூழ்கி இரைதேடும் அதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 60,000 துடுப்புக்காலிகள் தேவைப்படும் என்று கணித்துள்ளனர். தொண்டைப் பையில் இரையை நிரப்பிக்கொண்டு குன்றின் இடுக்கிலுள்ள தன் ஒற்றைக் குஞ்சிடம் அது திரும்புகிறது.

வெப்பநீரோடு வந்தவை

1979 முதலான நான்கு பத்தாண்டுகளில் வடதுருவப் பகுதி, உலகச் சராசரியைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்தது என 2022இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கோங்ஸ் ஃபியோர்டில் 2006 முதல் குளிர்காலப் பனி வெகுவாகக் குறைந்துவிட்டது. அட்லாண்டிக் நீரோடு கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் என்னும் மற்றொரு துடுப்புக்காலி மிகுதியாக வருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் வந்தது சிறியது. அதன் எண்ணெய்ப் பையும் மிகச் சிறியது.

இங்குத்தான் நுட்பம் இருக்கிறது. வலைவீசி எண்ணிப் பார்த்தால் உயிர்களின் எண்ணிக்கை குறைந்திராது, கூடியும் இருக்கலாம். ஆனால் பறவை எண்ணிக்கையை உண்பதில்லை, கொழுப்பை உண்கிறது. அதே அளவு கொழுப்பைப் பெற அது பன்மடங்கு இரையைப் பிடிக்க வேண்டும். அல்லது நெடுந்தொலைவு பறந்து பனிவிளிம்பை அடைய வேண்டும். ஒற்றைக் குஞ்சின் வளர்ச்சி அந்தக் கூடுதல் உழைப்பில் அடங்கியிருக்கிறது.

மாற்றம் துடுப்புக்காலியோடு நிற்கவில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக ஸ்வால்பார்டில் காணப்படாதிருந்த நீலச்சிப்பி 2004இல் அங்கு மீண்டும் கண்டறியப்பட்டது. அட்லாண்டிக்கின் கானாங்கெளுத்தி மீன் 2013இல் அத்தீவுக் கரைகளில் பிடிபட்டது. கோங்ஸ் ஃபியோர்டின் கடற்புறாக்களுடைய இரையில் துருவக் காட் குறைந்து, தெற்கத்திய மீன்கள் இடம்பிடித்தன. வளையச் சீல், உறைந்த கடல்மேல் படியும் பனியில் குகை அமைத்தே குட்டி ஈனும். பனி இல்லையேல் குட்டிக்குப் புகலிடம் இல்லை. சீல் வேட்டைக்கு உறைகடல் கிட்டாத கரடிகள் கரையேறி, வாத்துகளின் முட்டைகளைத் தேடி உண்பதும் பதிவாகியுள்ளது.

புதிய மீன்கள் வருவது வளம்தானே என்று ஒருவர் கேட்கலாம். சிறிய துடுப்புக்காலிகள் விரைவாகத் தலைமுறை பெருக்குவதால் இழப்பை ஓரளவு ஈடுசெய்யக்கூடும் என்று கருதும் அறிவியலாளரும் உளர். இவ்விவாதம் முடியவில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரு கடலின் நலத்தை அதிலுள்ளவற்றின் தொகையைக் கொண்டு மட்டும் அறிய முடியாது. எது, எப்போது, எதற்கு ஈடாக இருக்கிறது என்பதைக் கொண்டே அறிய முடியும். அரபு மொழியில் இதற்கு ஒரு சொல் உண்டு.

அளவையும் அறிவும்

அர்ரஹ்மான் அத்தியாயத்தின் தொடக்கத்தில், 7 முதல் 9 வரையிலான மூன்று வசனங்களில் 'மீஸான்' என்னும் சொல் மும்முறை வருகிறது. வானத்தை உயர்த்தியதோடு இணைத்து இறைவன் அதனை நிறுவியதாக முதல் வசனம் அறிவிக்கிறது. அதில் வரம்பு மீறலாகாது என்பது இரண்டாவது. நிறுவையில் குறைவு செய்யலாகாது என்பது மூன்றாவது. விரிவுரையாளர் பலர் இதற்கு நீதி என்று பொருள் கொண்டனர். வணிகரின் தராசு என்று பொருள் கொண்டோரும் உளர். இவ்விரு பொருளையும் மறுக்காமலேயே, வானத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்ட அளவை படைப்பு முழுவதற்கும் உரியது என்று கொள்வதில் தவறில்லை. அரிசி மணியளவு உயிரின் எண்ணெய்ப் பைக்கும் ஒரு பறவைக் குஞ்சின் வளர்ச்சிக்கும் இடையே ஓர் அளவை நிறுவப்பட்டிருக்கிறது. அதனை நாம் நிறுவவில்லை; ஆனால் குலைக்க நம்மால் முடிகிறது.

கடலுணவு நமக்கு ஆகுமாக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. அபூ உபைதா (ரலி) தலைமையில் கடற்கரைக்குச் சென்று பசியால் வாடிய படையினர், கரையொதுங்கிய 'அன்பர்' என்னும் பெருமீனை உண்டு பல நாட்கள் உயிர்தரித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. ஆனால் கடல் வழங்கியதை உண்பது வேறு. கடலையே வெறுமையாக்குவது வேறு. 1596இல் டச்சு மாலுமிகள் ஸ்வால்பார்டைக் கண்டறிந்தனர். அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் அங்கு வந்து, இருநூறு ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்ல வில்தலைத் திமிங்கிலங்களை எண்ணெய்க்காகக் கொன்று, அவ்வினத்தை அக்கடலில் அற்றுப்போகும் நிலைக்குக் கொணர்ந்தன. அன்று வரம்பு மீறியோர் கையில் எறியீட்டி இருந்தது. இன்று தொலைதூர நகரங்களின் புகைபோக்கிகள் அவ்வேலையைச் செய்கின்றன. எறிந்தவர் யார் என்பதும் தெரிவதில்லை.

இவ்வரலாற்றிலிருந்து பாடம் கற்றதற்கான அடையாளமும் உண்டு. வடதுருவப் பெருங்கடலின் நடுப்பகுதியில் வணிக மீன்பிடிப்பைத் தடுக்கும் உடன்படிக்கை 2018 அக்டோபர் 3இல் கையெழுத்தாகி, 2021 ஜூன் 25இல் நடைமுறைக்கு வந்தது. மீன்பிடிப்பு பெரிய அளவில் தொடங்கும் முன்னரே, முதலில் ஆராய்வோம் என்று நாடுகள் பதினாறு ஆண்டுகளுக்குக் கைகளைக் கட்டிக்கொண்டது புதுமை. அறிந்த பின்னரே எடுப்பது என்னும் இந்நெறி, மீஸானைப் பேணும் நெறியே.

இவையெல்லாம் பனிக்கடலின் கதை. நமக்கென்ன என்று ஒதுக்குவதற்கில்லை. காரா கடலின் பனி குறைவதற்கும், தென்மேற்குப் பருவமழையின் இறுதிக்கட்டத்தில் இந்தியாவில் பெய்யும் மிகுமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று கோவா மையத்து ஆய்வாளர்கள் 2021இல் எழுதினர். மழையை நம்பிக் குளமும் கண்மாயும் வெட்டிவைத்த திருவரங்குளம் போன்ற ஊர்களில் வாழும் நமக்கு, வானின் அளவு மாறுவது அயலார் செய்தி அன்று. நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளை ஒட்டிய பாக் விரிகுடாவிலும் இதே பாடம் இருக்கிறது. அங்குக் கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காக, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. அங்குத் துடுப்புக்காலி எப்படியோ, இங்குக் கடற்புல் அப்படி. மீன்குஞ்சுகளுக்கும் அதுவே தொட்டில். புல்வெளியை வலை அரித்துவிட்டால் ஆவுளியா மட்டுமன்று, மீனவரின் அடுப்பும் அணையும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள். சமுதாயத்தில் எவருமே கற்காதுபோனால் அனைவரும் குற்றவாளிகளாவர் என்பது அதன் பொருள். கடலின் அளவையைப் பொறுமையாக அளந்தறியும் கல்வியும் இன்று அவ்வரிசையில் வைக்கத்தக்கது என்பது நம் கருத்து. நம் அரபுக் கல்லூரிகளில் அர்ரஹ்மான் அத்தியாயத்தை மனனம் செய்யும் மாணவருள் எவரேனும், நம் கல்லூரிகளில் விலங்கியல் பயிலும் மாணவியருள் எவரேனும், அந்த மூன்று வசனங்களின் விளக்கத்தைப் பள்ளிக்கரணையின் கருவிகளிலும் பாக் விரிகுடாவின் புல்வெளியிலும் தேடிச் செல்வாராயின், 'மீன் பல்'லை மட்டும் அறிந்திருந்த நம் பழங்கடன் ஒரு பங்கேனும் தீரும்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.