வேக மிளிரிகள்

வேக மிளிரிகள் என்பவை கதிர்வீச்சு பட்டவுடன் ஒளிர்ந்து, சில நானோ நொடிகள் முதல் சில பத்து நானோ நொடிகளுக்குள் அடங்கிவிடும் பொருள்கள் ஆகும். சின்டிலேட்டர் எனப்படும் மிளிரிகளில் இவை ஒரு வகை. ஒரு நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. எழும் ஒளியை ஒளிப்பெருக்கிக் குழாய் மின்துடிப்பாக மாற்றுகிறது. ஒளியின் அளவு கதிரின் ஆற்றலையும், துடிப்பு எழும் கணம் அது வந்த நேரத்தையும் காட்டும்.

வேகம் எங்கும் தேவைப்படுவதில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டத்தின் கல்பாக்கம் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட்டு உண்டு. அம்மணலில் எந்தத் தனிமம் கதிர்வீசுகிறது என்று அறிய ஆற்றலைத்தான் துல்லியமாக அளக்க வேண்டும். தாலியம் சேர்த்த சோடியம் அயோடைடு அதற்குப் போதும். அதன் ஒளி அடங்க ஏறத்தாழ 230 நானோ நொடி ஆனாலும் ஒளி மிகுதி.

நியூட்ரானைப் பிரித்தறிதல்

கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உள்ள வேக ஈனுலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. அதன் எரிபொருளில் புளூட்டோனியம் உண்டு. புளூட்டோனியம்-240 தானாகவே பிளந்து, ஒரே கணத்தில் இரண்டு மூன்று நியூட்ரான்களை வெளிவிடும். சேர்ந்து வருபவற்றை எண்ணினால், கலத்தைத் திறக்காமலே உள்ளிருக்கும் புளூட்டோனியத்தைக் கணக்கிடலாம். அணுப்பொருள் கணக்கில் ஒரு கிராமும் விடுபடக் கூடாது என்பதால் இது சிறிய வேலையன்று.

வழக்கமான ஹீலியம்-3 குழாய்கள், வேகம் தணிக்கப்பட்ட நியூட்ரான்களையே திறம்படப் பிடிக்கும். தணிவதற்குள் பல மைக்ரோ நொடிகள் கழிந்து, தொடர்பில்லாத நியூட்ரான்களும் 'சேர்ந்து வந்தவை' போலப் பதிவாகிவிடும். ஸ்டில்பீன் என்ற கரிமப் படிகத்துக்கு இந்தத் தணிப்பு வேண்டாம். அதன் முதன்மை ஒளி சுமார் 5 நானோ நொடியில் அடங்கும்.

ஆனால் காமா கதிரும் ஸ்டில்பீனை ஒளிரச் செய்யும். காமா கதிர் எலக்ட்ரானை உந்துகிறது. நியூட்ரான் ஹைட்ரஜன் அணுவின் புரோட்டானை உந்துகிறது. புரோட்டானின் தடத்தில் கிளர்வுற்ற மூலக்கூறுகள் நெருக்கமாக இருப்பதால், அவை இணை இணையாக மோதித் தாமதமாகவும் ஒளிவிடும். எனவே நியூட்ரான் துடிப்பின் வால் சற்று நீளம். அந்த வாலை முழுத் துடிப்போடு ஒப்பிட்டுக் கருவி இரண்டையும் பிரிக்கிறது.

படிகம் வளர்த்தல்

ஸ்டில்பீன் சுமார் 124 பாகை செல்சியசில் உருகும். உருக்கி மெல்லக் குளிரவைக்கும் பிரிட்ஜ்மன் முறையில் அதை வளர்க்கலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இவ்வாறு வளர்த்துள்ளனர். சிக்கல் குளிரும்போதுதான் வரும். படிகம் திசைக்கொரு விதமாகச் சுருங்கி, விரிசல் விடும்.

கரைசலிலிருந்து வளர்த்தால் இந்தச் சூடு இல்லை. ஆயினும் சாதாரணக் கரைசலில் படிகம் எல்லாப் பக்கமும் வளர்ந்து, வேண்டிய திசையில் நீளாது. இதற்கு வழியாகக் க. சங்கரநாராயணனும் பெ. ராமசாமியும் 2005-இல் வெளியிட்ட முறை, இருவர் பெயராலும் அழைக்கப்படுகிறது. கண்ணாடிக் குழலின் அடியில், விரும்பிய திசையில் வெட்டிய விதைப்படிகத்தை வைத்து, மேற்பகுதியை மட்டும் சூடாக்குவர். கரைப்பான் மேலே ஆவியாக, படிகம் குழல் வடிவிலேயே மேல்நோக்கி வளரும். முதலில் வளர்த்தது ஸ்டில்பீன் அன்று, பென்சோபீனோன். ராமசாமி பின்னர் மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில், காலவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரியில் படிக ஆய்வைத் தொடர்ந்தார்.

மருத்துவப் படிமம்

பெட் ஸ்கேனில் ஸ்டில்பீன் பயன்படாது. அங்கு எதிரெதிர்த் திசையில் பறக்கும் இரு காமா துகள்களைப் பிடிக்க வேண்டும், அடர்த்தி 1.16 மட்டுமே உள்ள கரிமப் படிகத்தைப் பெரும்பாலானவை கடந்து போய்விடும். சீரியம் சேர்த்த லுட்டீசியம் சிலிக்கேட்டின் அடர்த்தி 7.4, ஒளி அடங்கும் காலம் சுமார் 40 நானோ நொடி. இரு துகள்களின் வருகை நேர வேறுபாட்டை 200 பிகோ நொடிக்குள் அளந்தால், அவை கிளம்பிய இடம் அக்கோட்டில் 3 செ.மீ. அளவுக்குள் தெரியும், படம் தெளிவாகும், அல்லது மருந்தின் அளவைக் குறைக்கலாம். லுட்டீசியத்தில் இயற்கையாகவே கதிர்வீசும் ஓரிடத்தான் உண்டு. ஸ்கேன் கருவி நோயாளி இல்லாதபோதும் மெல்லிய பின்னணியைப் பதிவுசெய்வது அதனால்தான்.