அரக்கோணம் ஒலிபெருக்கிக்குப் பின்னால்

அரக்கோணம் ஜங்ஷனில் டிங் டாங் என்று ஒலித்ததும் அரட்டை நின்று எல்லாக் காதும் மேலே போகிறதே, அறிவிப்பின் வேலை அங்கேயே ஆரம்பித்துவிட்டது! அந்த மணியில் செய்தி ஏதும் கிடையாது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்பதிலும் கிடையாது. டீக்கடைப் பக்கம் நிற்பவரைத் திருப்பத்தான் அந்தச் சில நொடிகள்.

அதற்கப்புறம்தான் வித்தை. யாரும் அங்கே உட்கார்ந்து பேசவில்லை! ஊர்ப் பெயர் தனி, எண் தனி, 'வழியாக' தனி என்று துண்டு துண்டாகப் பதிந்த குரல் அது. பணியில் இருப்பவர் வண்டியையும் நடைமேடையையும் தேர்ந்தெடுத்தால், கணினி கோர்த்துவிடும். பிருந்தாவன் எக்ஸ்பிரஸின் 12639ஐ ஒன்று, இரண்டு, ஆறு, மூன்று, ஒன்பது என்று பிரித்துச் சொல்வதைக் கவனியுங்கள். பத்தே பத்து இலக்கங்களுக்குள் நாட்டின் எல்லா வண்டியும் அடக்கம்! ஆனால் இப்படி நடுவில் வரும் 'மூன்று' சற்றே தூக்கலாகவும், வேறொரு எண்ணின் கடைசியில் வரும் 'மூன்று' இறங்கியும் ஒலிக்க வேண்டும். ஒரே பதிவை இரண்டு இடத்திலும் ஒட்டினால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

இங்கே தடம் மூன்றாகப் பிரிகிறது: திருத்தணி, ரேணிகுண்டா பக்கம் ஒன்று, காட்பாடி பக்கம் ஒன்று, காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஒன்று. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு நிற்பவருக்கு எண் எதற்கு? 'திருத்தணி' காதில் விழுந்தால் போதும். அந்தப் பெயருக்கு முன்னும் பின்னும் துளி இடைவெளி விடுவதுதான் நல்ல கோர்ப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது நடைமேடை மாற்ற அறிவிப்பு! முன்பு சொன்னதை அழித்துப் புதியதைப் பதியவைக்க வேண்டும். "இரண்டுக்குப் பதிலாக நான்கு" என்றால் இரைச்சலில் இரண்டு எண்ணுமே காதில் நிற்கும். பாதிப் பேர் இரண்டுக்கே ஓடுவார்கள். பழைய எண்ணைச் சொல்லவே கூடாது, புதியதை இருமுறை சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. கைப்பேசித் திரையில் வரும் எச்சரிக்கைக்கும் இதே கணக்குதான்: என்ன ஆயிற்று என்பதைவிட, இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது முன்னால் நிற்க வேண்டும்.

2023 பிப்ரவரி இறுதியில் சென்னை சென்ட்ரலில் ஒலி அறிவிப்பை நிறுத்தி, திரைகளை மட்டும் நம்பிப் பார்த்தார்கள். பார்வையற்றவர்களும் எழுத்து வாசிக்காதவர்களும் யாரைக் கேட்பார்கள்? குரல் திரும்ப வந்துவிட்டது.